பெரிய டிவி, சின்ன பட்ஜெட்: முதலாம் குறுக்குத் தெருவில் கேட்க வேண்டியவை

"நானா, இந்தப் படத்தை நிப்பாட்டிப்போட்டு வெறும் கறுப்புத் திரையைக் காட்ட ஏலுமா?"

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு டிவிக் கடையில் இப்படிக் கேட்டபோது நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார். சுவர் முழுக்கத் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே படம்: பச்சைக் கிளி, பவளப்பாறை, பாதியாக வெட்டிய தோடம்பழம். "கறுப்புல என்ன தம்பி பாக்குற? கலரப் பாருங்க" என்றார்.

அந்தக் கிளி அங்கே இருப்பதே நம்மைக் கலர் பார்க்க வைப்பதற்குத்தான். கடையில் டிவி ஓடுவது ஷொப் மோடில். வெளிச்சம் உச்சத்தில், நிறம் உச்சத்தில், வெள்ளையில் கொஞ்சம் நீலம். ட்யூப் லைட் வெளிச்சத்தில் பத்துத் திரைக்கு நடுவே கண்ணை இழுப்பதற்கு அப்படி வைத்தே ஆகவேண்டும். வீட்டில் இரவு எட்டு மணிக்கு அதே டிவி எப்படி இருக்கும் என்பதைக் கிளி சொல்லாது. கறுப்புத் திரை சொல்லும். மூலைகளில் வெள்ளைப் புகை மாதிரி வெளிச்சம் கசிகிறதா, நடுவில் திட்டுத் திட்டாக இருக்கிறதா என்பதெல்லாம் கறுப்பிலும் சாம்பலிலும்தான் தெரியும். அதற்காகவே ஒரு பென் ட்ரைவில் கறுப்பு, சாம்பல், வெள்ளை என மூன்று படங்களும், மைதானம் முழுக்கக் கமரா ஓடுகிற ஒரு கிரிக்கெட் துண்டும் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

டிவி எனக்கில்லை, வெள்ளவத்தை மாமிக்கு. சீட்டு விழுந்திருந்தது. பதினொரு வருடமாக ஓடும் 32 அங்குலத்தை மாற்ற வேண்டும். "சனத்தின்ர முகம் தெரிய வேணும் தம்பி, வேற ஒண்டும் வேண்டாம்" என்பது அவர் சொன்ன ஒரே நிபந்தனை. சீட்டுக் காசுக்கு மேல் ஒரு சதமும் போகக்கூடாது என்பது சொல்லாத நிபந்தனை.

பெரிய டிவி இப்போது சீட்டுக் காசுக்குள் வருகிறதே, அதுவே ஒரு கதை. திரைகளை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. ஒரு பெரிய கண்ணாடித் தகட்டில் பல திரைகளை ஒன்றாக உருவாக்கிவிட்டுப் பிறகு வெட்டுகிறார்கள், தட்டில் ஊற்றிய தொதலைத் துண்டு போடுவது மாதிரி. தட்டுக்கும் துண்டுக்கும் அளவு பொருந்தினால் கழிவில்லை. பொருந்தாவிட்டால் ஓரம் எல்லாம் வீண். 8.5ஆம் தலைமுறைத் தொழிற்சாலை என்பார்கள். அங்கே தகடு 2200க்கு 2500 மில்லிமீற்றர். அதில் 55 அங்குலத் திரை ஆறு வெட்டலாம், பத்தில் ஒரு பங்குகூடக் கழியாது. அதே தகட்டில் 65 அங்குலம் மூன்றுதான் வரும். மிச்ச இடத்தில் சின்னத் திரை ஏதும் வெட்டாவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குப்பை. 55 மலிவாகவும் 65 எட்டாத உயரத்திலும் பல வருடம் இருந்ததற்கு இந்த வெட்டுக் கணக்கு பெரிய காரணம்.

2017ஆம் ஆண்டுக் கடைசியில் சீனாவின் ஹெஃபெய் நகரில் பி.ஓ.ஈ. நிறுவனம் 10.5ஆம் தலைமுறை ஆலையைத் திறந்தது. தகடு 2940க்கு 3370 மில்லிமீற்றர். அதில் 65 அங்குலம் எட்டு வரும், 75 அங்குலம் ஆறு வரும். அதன்பிறகு அப்படியான ஆலைகள் இன்னும் வந்தன, 65இன் விலையும் இறங்கியது. கடையில் 43இலிருந்து 50க்கும், 50இலிருந்து 55க்கும் ஏறும்போது அங்குலத்துக்கு ஏற்ற மாதிரி விலை ஏறாமல் சில இடங்களில் சட்டென்று தாவுவதும், சில இடங்களில் ஏறாமலே நிற்பதும் இதனால்தான். கடைக்காரர் இஷ்டத்துக்குப் போட்ட விலை என்று நினைத்துக்கொள்கிறோம். பாதி, கண்ணாடி வெட்டுகிறவன் போட்ட விலை.

அங்குலக் கணக்கில் இன்னொன்று. 32, 55 என்பது மூலைக்கு மூலை நீளம். நாம் பார்ப்பது பரப்பு. 32இலிருந்து 55க்குப் போனால் பரப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிறது. முகம் தெரிய வேண்டும் என்ற மாமிக்கு அதுதான் கணக்கு.

சரி, சீனாவில் மலிந்த அளவுக்குக் கொழும்பில் ஏன் மலியவில்லை? 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த ஓகஸ்டில் நூற்றுக்கணக்கான பொருள்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டு, அடுத்த வருடம்தான் மெல்ல மெல்லத் திறந்தது. 8 சதவீதமாக இருந்த வற் வரி 2022 ஜூனில் 12, செப்ரெம்பரில் 15, 2024 ஜனவரி முதலாம் திகதி 18 என்று ஏறியது. 2022 ஒக்ரோபரிலிருந்து சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 சதவீதம் வேறு. ஆக, டொலரில் இறங்கிய விலை ரூபாயில் இறங்கவில்லை. விற்கிறவர்களுக்குச் சாமானை நம் கைக்கு எட்டும் விலையில் வைத்திருக்க ஒரே வழிதான் மிஞ்சியது: உள்ளே வெட்டுவது. அங்குலத்தைக் குறைத்தால் நமக்குத் தெரிந்துவிடும். அதனால் தெரியாத இடத்தில் குறைக்கிறார்கள்.

முதலில் கை வைக்கிற இடம் பின்வெளிச்சம். எல்.இ.டி. டிவி என்று நாம் சொல்வது உண்மையில் எல்.சி.டி. திரைதான். பின்னால் வெளிச்சம் தரும் குண்டுமணி பல்புகள்தான் எல்.இ.டி. மலிவுப் பெட்டியில் அவற்றின் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு லென்ஸ், குறைந்த பல்பை வைத்து நிறைய வெளிச்சம் காட்ட வேண்டியிருப்பதால் கூடுதல் மின்னோட்டம், அதனால் சூடு. இந்தப் பல்புகள் அலங்கார பல்புச் சரம் மாதிரி தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்று போனால் சரமே போகும்.

என் முந்தைய டிவிக்கு நடந்தது அதுதான். ஒரு வருட உத்தரவாதம் முடிந்து இரண்டாம் மாதம், செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை அணைந்தது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அறை லைட்டை அணைத்துவிட்டு ஃபோன் டோர்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தால், உள்ளே செய்தி வாசிப்பவர் ஆவி மாதிரி தெரிந்தார். திரையில் பிழையில்லை, வெளிச்சம்தான் செத்துவிட்டது. வாங்கிய இடத்தில் கேட்டால் பார்ட்ஸ் இல்லை என்றார்கள், புதிதாக ஒன்று எடுங்கள் என்றார்கள். கடைசியில் மருதானையில் ஒரு ரிப்பேர் பாஸ் திரையை ரப்பர் உறிஞ்சியால் தூக்கிவைத்துவிட்டு, பின்வெளிச்சப் பல்புகள் பதித்த மூன்று பட்டிகளை மாற்றித் தந்தார். மாற்றிய பட்டியை என் கையில் தந்தார். ஒரு லென்ஸுக்குக் கீழே கருகிய மிளகு மாதிரி ஒரு புள்ளி. "பெக்லைட்ட நூறுல வச்சுப் பாத்தா இப்படித்தான் தம்பி. அறுபதுக்கு இறக்குங்க" என்றார். எத்தனையோ வாங்குவோர் கையேடுகளைவிட எனக்கு உபயோகப்பட்டது அந்த ஒரு வரி. வாங்கிய அன்றே ஷொப் மோடை ஹோம் ஆக்கி, பின்வெளிச்சத்தை இறக்கிவிட வேண்டும். கரண்ட் பில்லும் கொஞ்சம் இறங்கும்.

அடுத்த வெட்டு மூளையில். பட்ஜெட் டிவி பலவற்றில் நினைவகம் 1 அல்லது 1.5 ஜிபி, சேமிப்பு 8 ஜிபி. முதல் மாதம் பறக்கும். இரண்டு வருடம் கழித்து யூடியூப் திறக்க ரிமோட்டை அமத்திப்போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வரலாம். அதைவிட முக்கியம், பெட்டியில் "அன்ட்ரொய்ட்" என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றில்லை. கூகிளின் அங்கீகாரம் பெற்ற கூகிள் டிவி ஒன்று; யாரும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய திறந்த அன்ட்ரொய்ட் இன்னொன்று. இரண்டாவது வகையில் பிளே ஸ்டோர் ஒழுங்காக இருக்காது, நெட்ஃபிளிக்ஸ் வேலை செய்யாது அல்லது மங்கலாக ஓடும். கடையிலேயே வைஃபை கேட்டு வாங்கி நெட்ஃபிளிக்ஸைத் திறந்து பார்ப்பது ஒன்றே வழி. எல்.ஜி.யின் வெப்ஓஎஸ், சாம்சங்கின் டைசன், ஹைசென்ஸின் விடா என்று வேறு மென்பொருள்களும் இருக்கின்றன. அவற்றில் இந்தத் தலையிடி குறைவு. ஒருவேளை மூளை மந்தமாகிவிட்டாலும் டிவியைத் தூக்கி எறிய வேண்டாம். எச்.டி.எம்.ஐ.யில் செருகும் ஒரு ஸ்ட்ரீமிங் குச்சி போதும். அதனால் மூளையா திரையா என்று ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டி வந்தால் நான் திரைக்குத்தான் காசு கொடுப்பேன்.

ஸ்டிக்கர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எச்.டி.ஆர். என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கூடிய வித்தியாசம் காட்டும் படமுறை; மலிவு டிவியில் எழுதியிருந்தால் அந்தச் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் என்று அர்த்தம், அதைக் காட்டும் வெளிச்சம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. "மோஷன் 120" என்று இருந்தால் திரை அநேகமாக 60 ஹேர்ட்ஸ்தான், அதாவது செக்கனுக்கு 60 படம். கியூ.எல்.இ.டி. நிறத்தைக் கூட்டும், ஆனால் அதுவும் எல்.சி.டி. குடும்பம்தான், பெயரைக் கேட்டு, புள்ளிகள் தாமே ஒளிரும் ஓலெட் என்று மயங்கக்கூடாது. ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: திரை வி.ஏ. வகையா, ஐ.பி.எஸ். வகையா? வி.ஏ.யில் கறுப்பு நல்ல கறுப்பு, இரவில் படம் பார்க்கத் தோதானது. ஐ.பி.எஸ்.ஸில் கறுப்பு சாம்பல் அடிக்கும், ஆனால் பக்கவாட்டில் பாயில் இருப்பவருக்கும் நிறம் மாறாது. கடைக்காரருக்கு விடை தெரியாவிட்டால் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால் போதும், திரையே சொல்லிவிடும்.

இனி, இந்தத் திரையில் எதைப் பார்க்கப் போகிறோம்? கொழும்புக் கடைகளில் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை நான் காணவில்லை. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979 ஏப்ரலில், ஐ.டி.என். மூலம். ரூபவாஹினி 1982 பெப்ரவரியில். அன்ரனாவில் அன்று வந்த அனலொக் படத்தில் பார்க்கக்கூடிய கோடுகள் 576. டிஜிட்டலுக்கு மாற 2014இல் ஜப்பானிய முறையைத் தெரிவு செய்தார்கள், வேலை இழுபட்டுக்கொண்டே போகிறது. வேறு நாட்டு முறைக்குச் செய்த "டிஜிட்டல் டியூனர்" பெட்டியில் இருந்தாலும் அதற்காக இங்கே ஒரு ரூபாய் கூடக் கொடுக்கத் தேவையில்லை.

576 கோட்டில் ஒரு படத்துக்கு நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 4கே திரையில் 83 லட்சம். வந்த ஒரு புள்ளியை வைத்து இருபது புள்ளிகளை டிவி தானே ஊகித்து நிரப்புகிறது. நல்ல சிப் கெட்டித்தனமாக ஊகிக்கும், மலிவுச் சிப் பூசி மெழுகும்.

கண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. சாதாரணக் கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒன்று. அதை வைத்துப் பார்த்தால், 32 அங்குலத்தில் அந்த 576 கோட்டுப் படம் எட்டடிக்கு அப்பால் இருந்தால் தெளிவாகவே தெரியும். 55 அங்குலத்தில் அதே தெளிவுக்குப் பதின்மூன்றடிக்கு மேல் தள்ளி உட்கார வேண்டும். வெள்ளவத்தை ஃபிளட் ஹோலில் பதின்மூன்றடி தள்ளினால் நாற்காலி குசினிக்குள் போய்விடும். புது டிவியை விட பழைய டிவியில் வடிவாக இருந்தது என்று ஆட்கள் சொல்வது பிரமையில்லை. அதே நேரம் 1080 கோட்டு எச்.டி. படம் என்றால் 55இல் ஏழடிக்கு அப்பாலே சுத்தமாகத் தெரியும். 4கேயின் மேலதிக நுணுக்கத்தை முழுதாகப் பிடிக்கவோ நாலடிக்குள் நெருங்க வேண்டும். எட்டடி ஹோலில் எச்.டி.யும் 4கேயும் ஒன்றுதான். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி 4கே ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை எடுக்கும், எச்.டி. 3 ஜிபி வரை. அளவு வைத்த இணையப் பொதி உள்ள வீட்டில் இது சும்மா விஷயமில்லை. ஆக, பெரிய டிவி வாங்குகிறவர் டயலொக், பியோ டிவி மாதிரிக் கட்டணச் சேவை ஒன்றில் எச்.டி. பொதிக்கும் பெட்டிக்கும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். அல்லது ஒரு அளவு சின்னதாக எடுக்க வேண்டும்.

வீட்டை அளக்காமல் கடைக்குப் போகிறவர்கள் சுவரைத்தான் யோசிப்பார்கள். கால்களை யோசிப்பதில்லை. இப்போது வரும் டிவிகள் பலவற்றுக்கு நடுவில் ஒற்றைப் பீடம் கிடையாது, இரண்டு ஓரத்திலும் இரண்டு கால்கள். 55இல் அந்தக் கால்களுக்கு இடையே ஒரு மீற்றர் வரை இருக்கும். மாமியின் ஷோகேஸ் மேல்தட்டு மூன்றடிதான். சுவரில் அடிக்கலாம் என்றால் புதுத் தொடர்மாடிகளில் சில சுவர்கள் ஜிப்சம் பலகை. பாஸைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்காமல் துளை போடக்கூடாது. அப்புறம் லிஃப்ட். பெட்டியைப் படுக்கப் போட்டுத் தூக்கினால் கண்ணாடி வெடிக்கலாம், நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். கடல் பக்கத்து ஒழுங்கையில் வீடு என்றால் உப்புக் காற்று வேறு. ஜன்னலுக்கு எதிரே வைத்தால் பின்னால் உள்ள சொக்கட்டுகளெல்லாம் இரண்டு மூன்று வருடத்தில் பச்சை பிடித்துவிடும்.

காசுக்கு வருவோம். கடையில் முதலில் கேட்க வேண்டியது "மாதம் எவ்வளவு" அல்ல, "கையில் காசு தந்தால் எவ்வளவு". ஒரு பேச்சுக்கு, டிவியில் ஒட்டியிருக்கும் விலை 180,000, காசுக்கு 165,000 என்று வையுங்கள். கார்டில் "வட்டியில்லாத" பன்னிரண்டு தவணை, மாதம் 15,000. கூடக் கொடுப்பது 15,000, ஒன்பது சதவீதம் போலத் தெரியும். ஆனால் கடன் மாதா மாதம் குறைந்துகொண்டே போகிறது, ஆகவே உண்மையான ஆண்டு வட்டி 16 சதவீதத்தைத் தாண்டுகிறது. வட்டியில்லாக் கடன் எங்கேயும் இல்லை, அது விலைக்குள்ளே ஒளிந்திருக்கும். சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி, டிசம்பர் மலிவு விற்பனைகளிலும் இதே கேள்வியைக் கேட்டால் போன மாதத்துக் காசு விலைக்கும் இந்த மாதத்துக் "கழிவு" விலைக்கும் எவ்வளவு இடைவெளி என்பது தெரியும்.

உத்தரவாதத்தைப் பின்பக்கம் திருப்பி வாசிக்க வேண்டும். மூன்று வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே முதல் வருடம் எல்லாம், மிச்சம் இரண்டு வருடம் கூலி மட்டும், பார்ட்ஸ் நம் செலவு என்று இருக்கலாம். மின்னலடித்தால் இல்லை, திரை உடைந்தால் இல்லை. முகவர் கொண்டுவந்த பெட்டியா, கடைக்காரரே எங்கிருந்தோ இறக்கிய பெட்டியா என்பது அட்டையில் உள்ள முத்திரையில் தெரியும். மத்திய கிழக்கிலிருந்து வருகிறவர்கள் கட்டுநாயக்க டியூட்டி ஃபிரீயில் எடுத்த டிவிகள் கைமாறி வருவதும் உண்டு. சாமான் நல்லதாகவே இருக்கும், ஆனால் உத்தரவாதம் யார் பெயரில் என்று பார்க்காமல் எடுக்கக்கூடாது. பில்லை வாங்கி ஃபோனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள், வெப்பத்தாளில் அடித்த பில் ஒரு வருடத்தில் வெள்ளையாகிவிடும். வாக்குக் கொடுத்துவிட்டுக் கை விரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. அங்கே பேசும்போது கேட்கப்படுவதும் அந்தப் பில்தான்.

மின்சாரம். 55 அங்குலம் சுமார் 100 வாற்று என்று வைத்தால், நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மாதம் 15 அலகு. பெரிய கணக்கில்லைதான். ஆனால் நம் பில் 60, 90, 120 என்று படி படியாக ஏறுகிறது. 85 அலகில் நிற்கும் வீட்டுக்கு அந்த 15 அலகு அடுத்த படிக்குத் தள்ளிவிடும். மின்னலுக்கு, ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கை மட்டுமில்லை, டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். ட்ரிப் சுவிட்ச் ஆளைக் காப்பாற்றும், டிவியைக் காப்பாற்றாது.

நானாவின் கடைக்கே திரும்பிப் போனோம். நாலு கடை ஏறி இறங்கியதில், முகவர் முத்திரை குத்திய அட்டையும் ஒழுங்கான கூகிள் டிவியும் உள்ள போன வருட மொடல் 55 அங்குலம் அவரிடம்தான் சீட்டுக் காசுக்குள் வந்தது. பென் ட்ரைவைப் போட்டார். முதல் பெட்டியில் கீழ் மூலையில் வெளிச்சம் கசிந்தது. "இது சின்ன விஷயம் தம்பி" என்று ஆரம்பித்தவர், மாமி பேசாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு இரண்டாவது பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். அது சுத்தம்.

பட்டா லொறியில் நிமிர்த்திக் கட்டி வந்தோம். லிஃப்ட்டுக்குள் பெட்டி நுழையவில்லை, மூன்று மாடி படிதான். ஷோகேஸுக்கு மேலே ஒரு நீளப் பலகை போட்டுக் கால்களை வைத்தோம். அன்றிரவு அன்ரனாவில் செய்தி போட்டபோது மாமி கண்ணைச் சுருக்கி, "பழசில இதைவிட வடிவா இருந்ததே" என்றார். எச்.டி. பெட்டி வந்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. இப்போது முகம் தெரிகிறது. செய்தி வாசிக்கிற பெண்ணுக்குக் கழுத்தில் பவுடர் கூட என்கிறார். சத்தம்தான் தகர டப்பாக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. மறைந்த மாமாவின் பழைய கசெட் செட்டை ஒரு வயரால் இணைத்துவிட்டேன்.